கொதி எதை மாற்றும், எதை மாற்றாது: புதிதாகச் சமைக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஓர் உயிர்வேதியியல் வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்புக்காகவோ வீட்டைவிட்டு வந்து, முதன்முறையாகத் தமக்குத் தாமே சமைத்துக்கொள்ளத் தொடங்குகிறவர்கள், உணவுப் பாதுகாப்பைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்திருக்கிறார்கள். நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதே அந்த விதி. அது பெருமளவு உண்மை. ஆனால் அது பொய்த்துப்போகும் இடங்களில்தான் மனிதர்கள் நோயில் விழுகிறார்கள். ஆகவே கடைக்குப் போவது முதல் தட்டில் பரிமாறுவது வரை ஒவ்வொரு படியிலும் சூடு என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால், மற்ற விதிகளை மனப்பாடம் செய்யவேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிடும்.

சூடு மூன்று வேலைகளை நன்றாகச் செய்கிறது. முதலாவது, உயிரோடிருக்கும் பாக்டீரியாக்களையும் ஒட்டுண்ணிகளையும் கொல்கிறது. உணவின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸை எட்டினால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை இறந்துவிடும். இரண்டாவது, புரதத்தாலான நச்சுகளில் பலவற்றின் மடிப்புகளைக் குலைத்துச் செயலிழக்கச் செய்கிறது. மூன்றாவது, எளிதில் ஆவியாகும் பொருள்களை வெளியேற்றுகிறது. இவற்றுக்கு அப்பால் சூட்டால் பெரிதாக எதுவும் முடியாது. ஈயம் போன்ற உலோகங்கள் கொதியால் அழிவதில்லை. உறுதியான பிணைப்புகளைக் கொண்ட சிறு மூலக்கூறுகள் பலவும் குழம்போடு சேர்ந்து கொதித்துவிட்டு அப்படியே தட்டுக்கு வந்துசேரும். சில பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிக் கடினமான உறை கட்டிக்கொண்டு ஸ்போர் என்னும் உறங்குநிலைக்குப் போய், கொதிநீரையும் தாண்டி உயிர்பிழைத்துவிடும். ஒரு பொருளிலுள்ள ஆபத்து இவற்றுள் எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டுக்கொள்வதே இந்தக் கட்டுரை முழுவதும் நாம் செய்யப்போகும் வேலை.

முதல் படி: கடையில் தேர்ந்தெடுத்தல்

சூட்டால் அழியாத ஆபத்துகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வரவேண்டும், ஏனென்றால் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவற்றை நீக்க வழியில்லை.

இவற்றில் முதன்மையானது அஃப்ளாடாக்சின். நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல், கொப்பரை ஆகியவை சரியாகக் காயாமல் ஈரத்தோடு கிடந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை அவற்றில் வளர்ந்து இந்த நச்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோதுதான் இந்த நச்சு உலகின் கவனத்துக்கு வந்தது. 1974இல் குஜராத், ராஜஸ்தான் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சமைத்து உண்டவர்களுள் நூறு பேருக்கு மேல் கல்லீரல் பழுதடைந்து மாண்டார்கள். அவர்களும் தானியத்தை அடுப்பில் வைத்துச் சமைத்துத்தான் உண்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அஃப்ளாடாக்சினின் மூலக்கூறு 200 டிகிரிக்கு மேலான சூட்டையும் தாங்கக்கூடியது. கடலையை வறுப்பதால் ஓரளவு குறையுமே தவிர நீங்காது. சிறிய அளவுகளில் ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் சென்றால் அது கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். ஆகவே சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கிற, பூசணம் தெரிகிற கடலைகளைப் பொறுக்கி எறியுங்கள். ஒரு கைப்பிடியில் பல கடலைகள் அப்படி இருந்தால் பொட்டலத்தையே எறியுங்கள். உதிரியாக விற்கும் மிளகாய் வற்றலை வாங்கும்போது ஒன்றிரண்டைக் கிள்ளி உள்ளே பாருங்கள். சாம்பல் நிறப் பொடி தெரிந்தால் வேண்டாம். வரகுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பூஞ்சை பிடித்த வரகு மயக்கத்தையும் நடுக்கத்தையும் உண்டாக்கும் என்பதை உழவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் இறந்ததற்கும் வரகில் வளர்ந்த பூஞ்சையின் நச்சே காரணம் என்று கண்டறியப்பட்டது. இதற்காகச் சிறுதானியத்தை விலக்கத் தேவையில்லை. நன்றாகக் காய்ந்ததாக, ஈரநெடி இல்லாததாகப் பார்த்து வாங்கினால் போதும்.

அடுத்தது மீன். மீன் கெட்டுப்போனால் நாற்றத்தால் தெரிந்துவிடும் என்று நம்புகிறோம். சூரை, அயிலை, மத்தி ஆகிய மூன்றிலும் இந்த நம்பிக்கை ஏமாற்றிவிடக்கூடும். இவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதியாக இருக்கிறது. பிடித்த மீன் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் பாக்டீரியாக்கள் அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒவ்வாமையின்போது நம் உடலே சுரக்கும் அதே ஹிஸ்டமின்தான் இது. இத்தகைய மீனை உண்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடலெங்கும் தடிப்பு எழும்; பலர் அதைத் தமக்கு மீனே ஒவ்வாது என்று தவறாக எண்ணிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் மீனைத் தவிர்த்துவிடுகிறார்கள். குழம்பாக்கினாலும் வறுத்தாலும் ஹிஸ்டமின் போகாது. எனவே பனிக்கட்டியில் புதைத்து வைத்திருப்பவரிடம் மட்டும் இந்த மீன்களை வாங்குங்கள். காய்கறிகளையெல்லாம் வாங்கி முடித்த பிறகு கடைசியாக மீனை வாங்கி நேராக வீட்டுக்குப் போய்விடுங்கள்.

உருளைக்கிழங்கில் பச்சை படர்ந்திருந்தால் அது வெளிச்சம் பட்டதன் அடையாளம். பச்சையம் தன்னளவில் தீங்கற்றது. ஆனால் அதே வெளிச்சம் சோலனின் என்னும் கசப்பு நச்சையும் பெருக்கியிருக்கும், அதுவும் கொதியில் அழியாதது. சிறிய பச்சைத் திட்டென்றால் ஆழமாகச் சீவி எறியலாம்; கிழங்கு முழுவதும் பச்சையாகவோ முளைகள் நிறைந்தோ இருந்தால் வாங்க வேண்டாம்.

நிறத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறத்தை ஐயத்தோடு பார்க்கப் பழகுங்கள். வங்கதேசத்தில் விரலி மஞ்சளை மெருகேற்றுவதற்காக லெட் குரோமேட் என்னும் ஈயச் சேர்மத்தைப் பூசிவந்ததும், அதனால் மக்களின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததும் 2019இல் வெளியான ஆய்வுகளில் உறுதிப்பட்டன. மங்கலான, மெருகேற்றாத மஞ்சளே மேலானது; கையில் தேய்த்தால் மஞ்சள் பொடியாக உதிரும் பளபளப்பான விரலியைத் தவிர்த்துவிடுங்கள். பஞ்சுமிட்டாயில் துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது பலருக்கும் நினைவிருக்கும்.

இரண்டாம் படி: வைத்துக்கொள்ளுதல்

பருப்பு, தானியம், கடலை ஆகியவற்றுக்கு ஈரமே பகை. பூஞ்சை வளர்வதற்குத் தேவையான நீரைக் கொடுக்காமலிருந்தால் அது வளராது. ஆகவே வாங்கிவந்ததை ஒருமுறை வெயிலில் உலர்த்தி, இறுக மூடும் டப்பாவில் வைத்து, ஈரக் கரண்டி படாமல் எடுங்கள்.

அயோடின் உப்பையும் மூடிய டப்பாவில்தான் வைக்கவேண்டும். நுகர்வோர் கைக்கு வரும்போது உப்பில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஈரமும் வெயிலும் பட்டால் அது மெல்ல மெல்ல வெளியேறிவிடும். அடுப்பருகில் திறந்த ஜாடியில் உப்பை வைக்கும் வழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சமையலிலும் இறக்கும் நேரத்தில் உப்புப் போடுவது நல்லது.

உருளைக்கிழங்கை ஃப்ரிட்ஜுக்குள் வைக்காதீர்கள். குளிரில் அதிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது; அந்தச் சர்க்கரையும் அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும் 120 டிகிரிக்கு மேல் சேர்ந்து வறுபடும்போது அக்ரிலமைடு உண்டாகிறது. விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கும் இப்பொருள் வறுத்த உணவுகளில் இருப்பதை 2002இல் சுவீடன் அறிவியலாளர்கள் கண்டறிந்தார்கள். தண்ணீரில் வேகும் கிழங்கில் அவ்வளவு சூடு ஏறாததால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. இருட்டான, காற்றோட்டமுள்ள கூடையே கிழங்குக்கு ஏற்ற இடம்.

ஃப்ரிட்ஜின் உள்வெப்பம் 5 டிகிரிக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன், முட்டை ஆகியவை கீழ்த்தட்டில், மூடிய பாத்திரத்தில் இருக்கட்டும். சமைத்த உணவு மேல்தட்டில் இருக்கட்டும். மேலிருந்து இறைச்சி நீர் சொட்டி, இனி அடுப்பேறாத தயிர்ச்சோற்றில் விழுந்தால் கொதியின் பாதுகாப்பு அங்கே கிடைக்காது. மின்தடை ஏற்பட்டால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே வைத்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிர் தாங்கும்.

மூன்றாம் படி: ஊறவைத்தலும் வேகவைத்தலும்

சூடு நமக்குத் துணைநிற்கும் இடம் இது. ஆனால் அரைகுறைச் சூடு இங்கே துணையாவதில்லை. ராஜ்மாவை எடுத்துக்கொள்வோம். சிவப்புக் காராமணியைப் போலவே இதுவும் ஒரு பயறுதானே என்று எண்ணி, சிறிது ஊறவைத்து மெல்லிய தீயில் வைத்து எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்னும் லெக்டின் புரதம் மிக அதிகம். வேகாத நான்கைந்து விதைகளே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கப் போதும். கொதிநிலையில் இந்தப் புரதம் சில நிமிடங்களில் குலைந்துவிடும். 80 டிகிரி அளவில் மெதுவாக வேகவைத்தாலோ அது அழியாது. அதன் நச்சுத்தன்மை பச்சை விதையைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். ஆகவே ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் குக்கரில் வேகவையுங்கள். குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரியை எட்டுவதால் அது இந்த வேலைக்கு ஏற்ற பாத்திரம். மின்சார மெதுகுக்கரில் ராஜ்மாவை நேராகப் போடவே வேண்டாம்.

மரவள்ளிக்கிழங்கின் கதை வேறு. அதன் செல்களுக்குள் லினமரின் என்னும் பொருள் ஓர் அறையிலும் அதைச் சிதைக்கும் நொதி மற்றோர் இடத்திலுமாகப் பிரிந்திருக்கின்றன. கிழங்கை நறுக்கும்போதும் துருவும்போதும் அறைகள் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. விளைவாக ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. இந்தச் சயனைடின் கொதிநிலை வெறும் 26 டிகிரி என்பதால், வழி விட்டால் அது ஆவியாகப் போய்விடும். தோலை முழுவதுமாக உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, சிறிது நேரம் நீரில் ஊறவைத்து, பிறகு நிறைய நீரில், பாத்திரத்தை மூடாமல் வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். பெரிய துண்டுகளை நேராகக் கொதிநீரில் போட்டால் நொதி உடனே செயலிழந்துவிடும்; சிதையாத லினமரினும் கிழங்குக்குள்ளேயே தங்கிவிடும். கசக்கும் கிழங்கை உண்ணவே வேண்டாம்; அது மாவு ஆலைகளுக்கென விளைவிக்கும் வகையாக இருக்கக்கூடும். மொச்சையிலும் இதே வகைப் பொருள் சிறிதளவு இருப்பதால், அதையும் ஊறவைத்த நீரை வடித்துவிட்டு நன்றாக வேகவைத்தே உண்ணவேண்டும்.

முட்டையைப் பச்சையாகக் குடித்தால் வலிமை என்பது உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் நிலவும் நம்பிக்கை. உண்மையில் வெந்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடலில் சேர்கிறது. பச்சை முட்டையில் ஏறக்குறைய பாதிதான் சேர்கிறது. சூடு புரதத்தின் மடிப்பை விரித்துக்கொடுப்பதால் நம் குடல் நொதிகள் அதை எளிதாக வெட்டமுடிகிறது. சால்மொனெல்லா கிருமியின் ஆபத்தும் வெந்த முட்டையில் நீங்கிவிடுகிறது.

கோழியை மஞ்சள் போட்டுப் பலமுறை கழுவும் வழக்கம் நம்மிடம் உண்டு. கழுவுவதால் கிருமிகள் அழிவதில்லை. நீர் தெறித்து, அருகிலிருக்கும் வெள்ளரியிலும் கொத்தமல்லியிலும் அவை போய் ஒட்டிக்கொள்கின்றன. கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால், குழாயடியில் பிடிக்காமல் பாத்திரத்து நீரில் மெதுவாக அலசுங்கள். பச்சையாக உண்ணும் காய்களை அதற்கு முன்பே நறுக்கி எடுத்துவைத்துவிடுங்கள். இறைச்சி நறுக்கிய பலகையையும் கத்தியையும் சோப்பு நீரில் கழுவாமல் வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது.

பாக்கெட் பால் ஏற்கெனவே 72 டிகிரியில் 15 வினாடிகளோ அதற்கு இணையான முறையிலோ சூடேற்றிக் குளிர்விக்கப்பட்டது. குளிர் விடாமல் வந்திருந்தால் அதை ஒருமுறை காய்ச்சினாலே போதும்; நாளுக்கு நான்குமுறை காய்ச்சுவதில் பயனில்லை. மாட்டுத் தொழுவத்திலிருந்து நேராக வரும் பாலை மட்டும் பொங்கக் காய்ச்சாமல் தொடவே கூடாது.

நான்காம் படி: சமைத்த பிறகு

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் படியைத்தான், ஏனென்றால் புதிதாகச் சமைப்பவர்கள் அடுப்பை அணைத்ததும் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள்.

அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியாவின் ஸ்போர்கள் இயல்பாகவே இருக்கும். சோறு வேகும்போது அதன் போட்டியாளர்கள் எல்லாம் இறந்துவிட, இந்த ஸ்போர்கள் மட்டும் பிழைத்துக்கொள்ளும். சோறு ஆறி 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அவை விழித்துக்கொள்கின்றன. நம் ஊரின் அறைவெப்பமான 30 டிகிரிக்கு மேல், ஈரமும் மாவுச்சத்தும் நிறைந்த பருக்கைகளில் பாக்டீரியா 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டித்தால், ஒரே ஒரு பாக்டீரியா இரண்டு மணி நேரத்தில் 64 ஆகும். நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகும். கூட்டம் பெருகும்போது அவற்றுள் சில வகைகள் செரூலைடு என்னும் வளைய வடிவச் சிறு மூலக்கூறைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் இந்த நச்சு குக்கருக்குள் எட்டும் வெப்பத்தையும் தாங்கவல்லது. இரவு எட்டு மணிக்கு வடித்த சோற்றை மேடையிலேயே விட்டுவிட்டு, மறுநாள் மதியம் எலுமிச்சைச் சாதமாகத் தாளித்துச் சூடாக உண்டவருக்கும் வாந்தி வருவது இதனால்தான். திரும்பச் சூடாக்குவது கிருமியைத்தான் கொல்லும். அது முன்பே சுரந்துவிட்டதை அழிக்காது.

எனவே 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பதைச் சமையலறையின் முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய சோற்றை ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். ஒரு நாளுக்குள், ஒரே ஒருமுறை, ஆவி பறக்கச் சூடாக்கி உண்டுவிடுங்கள். சாம்பாரையும் குருமாவையும் இவ்வாறே சிறு பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். தேங்காய்ச் சட்னியை அன்றைய வேளைக்கு மட்டும் அரைப்பதே நல்லது, ஏனென்றால் அதில் ஈரமும் சத்தும் உண்டு, புளிப்போ கொதியோ இல்லை.

காலையில் கட்டிக்கொண்டு மதியம் உண்ணும் சோற்றுக்கு என்ன செய்வது? இரண்டு வழிகள் இருக்கின்றன. வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய ஹாட்பாக்ஸில், அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றை ஆறவிடாமல் நிரப்பி மூடலாம். அல்லது புளியோதரையாகக் கட்டலாம். அமிலமும் உப்பும் எண்ணெயும் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதால்தான் நெடும்பயணங்களுக்கு அது கட்டுச்சோறாக விளங்கியது. ஆனாலும் மதிய உணவாகவே அதை முடித்துவிடுங்கள், இரவுவரை வைக்கவேண்டாம்.

பழைய சோறு மட்டும் ஏன் தீங்கு செய்வதில்லை என்று இங்கே கேள்வி எழும். நீரில் மூழ்கிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் விரைவாகப் பெருகி நீரைப் புளிக்கச்செய்கின்றன. அந்தப் புளிப்பில் பாசில்லஸ் சீரியஸ் தழைப்பதில்லை. இந்தப் பாதுகாப்பு கிடைக்கவேண்டுமானால், சோறு ஆறியவுடன், தூய்மையான பாத்திரத்தில், காய்ச்சி ஆறிய நீரை மூழ்கும்வரை ஊற்றவேண்டும். காலையில் இதமான புளிப்பு மணம் வந்திருக்கவேண்டும். நூல்போல இழுபட்டாலோ அழுகல் நெடி வந்தாலோ கொட்டிவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்புச்சத்து இரவு ஊறியதும் 73.91 மில்லிகிராமாக உயர்கிறது என்ற செய்தி இணையத்தில் விடாமல் சுற்றிவருகிறது. இரும்பு ஒரு தனிமம். எந்த பாக்டீரியாவாலும் அதை உருவாக்கமுடியாது. நொதித்தல் செய்வது, இரும்பைப் பிணைத்துவைத்திருக்கும் ஃபைட்டேட்டைச் சிதைத்து, இருக்கும் இரும்பை உடல் உறிஞ்சிக்கொள்ள உதவுவதுதான். இதுவே பெரிய நன்மை; இதற்குமேல் பொய் எண்களைச் சேர்க்கத் தேவையில்லை.

இட்லி மாவிலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களே வேலை செய்கின்றன. லுக்கனோஸ்டாக் என்னும் வகை கரியமில வாயுவை வெளியிட்டு மாவைப் பொங்கச்செய்து புளிப்பையும் தருகிறது. பொங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் சில நாள்கள் தாங்கும். மேலே இளஞ்சிவப்போ கறுப்போ படர்ந்தால் மேற்பரப்பை மட்டும் வழித்தெடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தாதீர்கள். பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும்.

ஐந்தாம் படி: எண்ணெயும் பாத்திரமும்

பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் சூடாக்கும்போது, அதிலுள்ள நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைகின்றன. இந்தச் சிதைவுப் பொருள்கள் எண்ணெயில் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதை உணவுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்துள்ளது. வீட்டில் அதை அளக்கமுடியாது; அளக்கத் தேவையும் இல்லை. சிறிய வாணலியில் குறைந்த எண்ணெயில் பொரித்து, மிஞ்சியதை வடிகட்டி, இரண்டொரு நாளுக்குள் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். கறுத்து, பிசுபிசுத்து, நுரைக்கும் எண்ணெயைக் கொட்டிவிடுங்கள்.

புளி, தயிர், தக்காளி ஆகிய அமில உணவுகளைப் பூச்சு இல்லாத பித்தளையிலும் செம்பிலும் வைக்கக்கூடாது. செம்பு கரைந்து குமட்டலை உண்டாக்கும். ரசத்துக்கு ஈயச்சொம்பு வாங்க விரும்புகிறவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அது தூய வெள்ளீயத்தால் (டின்) ஆனதாக இருக்கவேண்டும். விலை குறைக்கக் காரீயம், அதாவது முன்பு சொன்ன நச்சு ஈயம், கலந்திருந்தால், புளிக்கரைசலில் அது கரைந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நம்பத்தகுந்த சோதனைச் சான்று இல்லாமல் வாங்காதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், ரசத்தை ஊற்றிய பிறகுதான் அதை அடுப்பில் ஏற்றவேண்டும். என் கருத்தில், புதிதாகச் சமைப்பவருக்கு எவர்சில்வர் பாத்திரமே போதும்.

ஆறாம் படி: தட்டில் எதை எதனோடு சேர்ப்பது

அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி, கந்தகம் கொண்ட மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. ஆனால் சோற்றுமலையின் மேல் இரண்டு கரண்டி நீர்த்த சாம்பார் ஊற்றினால் அந்தக் கணக்கு நிறைவேறாது. வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம். ஒரு கைப்பிடித் துவரம்பருப்பில், 30 கிராம் என்று கொண்டால், 6 அல்லது 7 கிராம்தான் இருக்கிறது. பருப்பைக் கெட்டியாக வைத்துச் சோற்றைக் குறைப்பது, கூடவே சுண்டலோ முட்டையோ மீனோ தயிரோ சேர்த்துக்கொள்வது எளிய வழி.

கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படாத வடிவில் இருக்கிறது. வைட்டமின் சி அதை உறிஞ்சத்தக்க வடிவுக்கு மாற்றுகிறது. எலுமிச்சையை அடுப்பில் கொதிக்கவிட்டால் அந்த வைட்டமின் சிதைந்துவிடுவதால், இறக்கிய பிறகு பிழியுங்கள். நெல்லிக்காயும் கொய்யாவும் இன்னும் சிறந்தவை. உணவு முடிந்த கையோடு குடிக்கும் தேநீரும் காப்பியும் இரும்பைப் பிணைத்து வெளியேற்றிவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இந்த ஒரு மாற்றம் செலவே இல்லாத உதவி.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. முளைகட்டினாலோ கூழாகப் புளிக்கவைத்தாலோ ஃபைட்டேட் குறைந்து அந்தக் கால்சியம் கூடுதலாகப் பயன்படும்.

அரிசியில் எதை வாங்குவது என்றால், நான் புழுங்கல் அரிசியைச் சொல்வேன். நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் (வைட்டமின் பி1) உட்பருக்கைக்குள் ஊடுருவுவதால், தீட்டிய பிறகும் கணிசமாக எஞ்சுகிறது. தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு தயமின் குறைவு நோயான பெரிபெரி வருவதை 1890களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மன் கோழிகளைக் கொண்டு கண்டறிந்து, பின்னர் 1929இல் நோபல் பரிசு பெற்றார். இந்த நோயை ஆராயவே 1918இல் நீலகிரியின் குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மக்கரிசன் ஒரே அறையில் ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார்; 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த அதுவே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அரிசியை வெள்ளைநீர் முழுவதும் போகும்வரை கழுவினால் தயமினும் அதனோடு போய்விடும். இரண்டுமுறை அலசினால் போதும்.

வீட்டில் குழந்தை இருந்தால்

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுவைக்கும் சேனை வழக்கம் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. தேனில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் ஸ்போர்கள் இருக்கக்கூடும். வளர்ந்தவர்களின் குடலில் அவை முளைக்கமுடியாது. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சைச் சுரக்கமுடியும். தேனைக் காய்ச்சினாலும் ஸ்போர் அழியாது. ஆகவே ஒரு வயதுவரை ஒரு துளித் தேனும் வேண்டாம் என்று பாட்டியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும்.

நோய் வந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும், வெளியில் உண்ட ஒரு வேளை உணவால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். அப்போது உயிரைக் காப்பது உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீர். சிறுகுடலின் சுவரிலுள்ள ஒரு கடத்திப் புரதம், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு இரண்டு சோடியம் அயனிகளைச் சேர்த்து உள்ளே இழுக்கிறது. நீரும் அவற்றைப் பின்தொடர்ந்து உடலுக்குள் செல்கிறது. கடும் வயிற்றுப்போக்கிலும் இந்தக் கடத்தி வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் வெறும் நீரைவிட ஓ.ஆர்.எஸ். கரைசல் பயன் தருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று அச்சிட்ட பொட்டலத்தை மருந்துக்கடையில் வாங்கி, பெரிய பொட்டலமானால் முழுவதையும் சரியாக ஒரு லிட்டர் நீரில் கரைத்து, சிறுசிறு மடக்குகளாகக் குடிக்கவேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்துக்கொள்ளக்கூடாது. அதே பெயரின் சாயலில் விற்கும் இனிப்புப் பானங்களில் சர்க்கரை மிகுதியாக இருப்பதால், அவை குடலுக்குள் இன்னும் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டக்கூடும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, பார்வை இரட்டையாகத் தெரிதல், குழந்தை துவண்டுபோதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என்ன உண்டீர்கள், எத்தனை மணிக்கு உண்டீர்கள், எத்தனை மணிக்கு நோய் தொடங்கியது என்ற மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சில நிமிடங்களில் தொடங்கியதா, ஓரிரு மணி நேரத்திலா, மறுநாளா என்பதைக் கொண்டே காரணம் எதுவாக இருக்கும் என்று மருத்துவர் பெருமளவு ஊகித்துவிடுவார்.